நூல் பழையது

பெட்டி பதினான்கின் பெயர்ச்சீட்டுகளை
இராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
மிஞ்சியது ஒரு "தீவு", ஒரு "துறை", ஒரு "மாசி".
மண்டைதீவா, காக்கைதீவா,
நாவாந்துறையா, ஊர்காவற்றுறையா,
பூச்சியிடம் கேட்கமுடியாது.
மூன்று மாத ஒப்பந்தம் எனக்கு.
விலங்கியல் துறையின் பின்னறை,
விரித்த பழைய பேப்பர், ஒரு பூதக்கண்ணாடி.

சிப்பிக்குத் தலை இல்லை,
முகம் வைத்து அடையாளம் சொல்ல.
கதவைத்தான் பார்க்கவேண்டும், பிணைச்சலை.
சீப்பு மாதிரி நேராய்ப் பற்கள் நின்றால் ஒரு குடும்பம்.
மூன்றே பல் என்றால் வேறொன்று.
பல்லே இல்லாமல், விரித்த கவராயம்போல் இரண்டு வரம்பு,
ஓடு எண்ணெய்த்தாள்போல் வெளிச்சம் விட்டால்
முதலில் மின்விசிறியை நிறுத்து.
பெயரைப் பிறகு பார்க்கலாம்.

"புழு" என்று ஒதுக்கிவைத்த ஒரு வள்ளப் பலகைத் துண்டு.
துளையின் அடியில் குருணையரிசி அளவில் இரண்டு ஓடு.
அதுவும் இவர்களின் உறவுதான்.
இனி எந்த வள்ளத்தையும்
முன்புபோல் நம்பி ஏறமாட்டேன்.

ஏழு ஓட்டை எடுத்துக்கொண்டு
நாவாந்துறைச் சந்தைக்குப் போனேன்.
எமில்டா கத்தியைக் கீழே வைக்காமலே பார்த்தா.
"இது சமைக்கிறது. இது சமைக்கிறேல்லை.
இது சமைச்சால் வயித்தாலை போகும்."
புத்தகத்தோடு நான் நாலு நாள் இருந்த வேலை.
"இதுக்கு என்ன பேர்?"
"மட்டி."
"இதுக்கு?"
"அதுவும் மட்டி.
ஒண்டும் வாங்காமல் நிண்டு கேள்வி கேக்கிறதும் மட்டிதான்."
அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

படிவத்தின் முதற் கட்டம்: இனம்.
எத்தனையோ படிவங்களில் அந்தக் கட்டத்தை
மையால் நிரப்பிய கை இது.
இங்கே பென்சில்.
கேள்விக்குறி போடவும் அனுமதி உண்டு.

பிறகு அந்தத் தீப்பெட்டி.
பஞ்சுக்கு மேலே, ரோசா நூலால் கோத்துக் கட்டிய இரண்டு ஓடு.
பூச்சி தொடாத ஒரே சீட்டு:
"சோடி. பிரிக்கவேண்டாம். இ.ம."

பிரித்தேன்.
மூக்கை மேலே பிடித்து, குழிவை என்பக்கம் திருப்பினேன்.
உள்ளே ஓடும் கோடு ஓரிடத்தில் மடங்கும்.
மடிப்பு இடப்பக்கம் கிடந்தால் இட ஓடு.
இடம்.
மற்றதைத் திருப்பினேன்.
இடம்.
தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
இரண்டும் இடம்.
எந்நாளும் பூட்டாது;
பல்லில் பல் முட்டும், குழிக்கு எதிரே குழி.

தெரியாமல் கட்டியவரல்ல இ.ம.
பெட்டி ஒன்பதில் அதே கையெழுத்து
சின்னவிரல் நகமளவு ஓடுகளுக்கும்
வலது, இடது எழுதியிருக்கிறது. ஒன்றும் பிழையில்லை.
நூல் போன துளையைக் கண்ணாடியில் பார்த்தேன்.
ஊசி குத்தியதல்ல.
விளிம்பு சரிந்து, வட்டமாய், சுத்தமாய்,
வேட்டை நத்தை நாவால் அராவிய துளை.
இரண்டிலும், மூக்குக்குச் சற்றுக் கீழே,
ஏறக்குறைய ஒரே இடத்தில்.

பதிவேட்டில் இ.ம. இரண்டுபேர்.
இம்மானுவேல் மரியநாயகம், காவலாளி.
இராசையா மனோரஞ்சிதம், செயல்முறை உதவியாளர், ஒரு தவணை மட்டும்.
அந்தக் கட்டத்திலும் கேள்விக்குறி போட்டேன்.

விதிப்படி இரண்டு உயிர், இரண்டு எண்.
217. 218.
கலாநிதி குகதர்சினி கதவால் எட்டிப் பார்த்தார்.
"சோடி எத்தினை தேறிச்சு?"
"பதினொன்று" என்றேன்.
தாளில் பன்னிரண்டு என்று இருந்தது,
அழிக்க எழும்பவில்லை.

மாலை, துளைகளில் நூலைத் திரும்பக் கோத்தேன்.
அவர் போட்ட முடிச்சு எனக்கு வரவில்லை.
குறிப்புப் பத்தியில், இம்முறை மையால்:
"நூல் பழையது. முடிச்சு புதியது."