அடிக்குறிப்பு பதினேழு

நாற்பத்தொரு சதவீதம் என்கிறார்கள்.
நடைபாதைக் கடைகளை அகற்றிவிட்டால்
தில்லியின் நெரிசல்
நாற்பத்தொரு சதவீதம் குறையுமாம்.
நாற்பது என்றிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.
அந்த ஒன்றில்தான் இருக்கிறது சாமர்த்தியம்.

என் வேலை, பத்துக்கு எத்தனை என்று சொல்வது.
மாலை ஆறு மணிக்குள்
கில் சாருக்கு ஓர் எண் போக வேண்டும்:
இந்த ஆய்வு மையத்தை எவ்வளவு நம்பலாம்.
எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குத்
தனிக் கட்டம் உண்டு.

நாற்பத்தொன்றின் தோளில் பொடியாய் ஒரு பதினேழு.
பதினேழைத் தேடிப் போனால்
அதே மையத்தின் சென்ற ஆண்டு அறிக்கை.
அதன் ஆறாம் குறிப்பு
ஓர் ஆங்கில நாளிதழின் நடுப்பக்கத்துக்கு அனுப்புகிறது.
நடுப்பக்கத்தில் எழுதியிருப்பவர்
மையத்தின் இயக்குநர் தேவவிரத் கௌல்.
"ஆய்வுகள் சொல்கின்றன" என்று தொடங்குகிறார்.
கனாட் பிளேஸில் வழி தவறியவளாய்
புறப்பட்ட தூணுக்கே வந்து நிற்கிறேன்.

பின்னிணைப்பில் கேள்வித்தாள்.
நடைபாதை ஆக்கிரமிப்பால் எந்த அளவு அவதிப்படுகிறீர்கள்?
ஓரளவு, பெருமளவு, சொல்லி மாளாத அளவு.
அவதிப்படாதவருக்குக் கட்டம் போடவில்லை.
கேட்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
சாகேத்தில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில்
கார் எடுக்க வந்தவர்கள்.
வளாகத்தைக் கட்டிய குழுமத்தின் அறக்கட்டளை
கடைசிப் பக்கத்தில்
நன்றி என்ற சொல்லுக்குக் கீழே
எறும்பு எழுத்தில்.

இவ்வளவும் எளிது.
எண்பத்து மூன்றாம் பக்கம்தான் இடறியது.
அங்கே ஓர் அட்டவணை:
கடைகளே இல்லாத ஒன்பது தெருக்கள்,
அவற்றிலும் அதே நெரிசல்.
கணக்கீடு, ந. ஃபரூக்கி.
யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று
அவர்கள் விட்டுவைத்தார்களா,
யாராவது வரட்டும் என்று
அந்தப் பெண் விட்டுவைத்தாளா?
பெண் என்று நானாகத்தான் முடிவு செய்துகொண்டேன்.
இந்த ஆண்டுப் பணியாளர் பட்டியலில்
அந்தப் பெயர் இல்லை.

மதியம் ரௌஸ் அவென்யூவுக்கு நேரில் போனேன்.
மையத்தின் வாசலுக்கு இடப்புறம்
சம்பு பாஸ்வானின் தேநீர் வண்டி.
அவரை அகற்றச் சொல்லும் அறிக்கையை எழுதியவர்கள்
அவரிடம்தான் குடிக்கிறார்கள்.
எப்படி ஆட்கள் என்றேன்.
"கடன் சொல்ல மாட்டார்கள், கையோடு காசு.
நல்ல மனிதர்கள்."
எதிர்ச்சாரியில் இன்னொரு மையம்.
சம்புவைப் போன்றவர்களின் உரிமைக்காகவே
பதிப்பிக்கும் மையம்.
வடிகட்டியால் அதைச் சுட்டினார்.
"அறுநூற்றெண்பது பாக்கி. தீபாவளிக்கு முந்தியது."

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

ஆகஸ்டில் அந்த எதிர்ச்சாரிக்கு
எட்டு போட்டவள் நான்தான்.
முடிவுரையைப் படித்தேன், தலையை ஆட்டினேன்,
எட்டு போட்டுவிட்டு
ஏழரை மணி மெட்ரோவைப் பிடித்தேன்.
ஓர் அடிக்குறிப்பையும் திறக்கவில்லை.
பிடிக்காதவரைத் தங்கத் தராசில் நிறுக்கிறேன்,
குண்டுமணி கூடினாலும் தெரிகிறது.
பிடித்தவருக்கு விறகுக்கடைத் தராசு.
அதில் அரை கிலோ
காற்றடித்தாலே ஆடும்.

ஐந்து நாற்பதுக்கு
மூன்று என்று அடித்தேன். நியாயமான மூன்று.
எண்பத்து மூன்றாம் பக்கம் இல்லையென்றால் இரண்டு.
அனுப்பிவிட்டு
ஆகஸ்ட் கோப்பைத் திறந்தேன்.
கேட்கப்பட்டவர்கள் தொண்ணூறு பேர்.
எங்கே என்று எழுதவில்லை.

கில் சார் அழைத்தார்.
மூன்று வந்துவிட்டது, வேறென்ன?
"அந்த எட்டைத் திருத்த வேண்டும் சார்."
எத்தனையாக?
ஜன்னலுக்கு வெளியே ஐடிஓ சிக்னலில்
எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன,
நடைபாதையில் ஒரு கடையும் இல்லை.
"தெரியவில்லை," என்றேன்.
"இன்னும் நான்காம் பக்கத்தில்தான் இருக்கிறேன்."