முப்பத்தொன்று சொச்சம்

கேத்தி பாலாடாவில் ராத்திரி இரண்டு மணி, பனி.
டீசல் என்ஜின் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று.
அவ்வளவு அவசரம் கேரட்டுக்கு ஆகாது.

நாலு அங்குலக் கப்பி,
பெல்ட்டின் மறுமுனையில் இருபத்துநாலு அங்குலம்:
இருநூற்றைம்பது.
பன்னிரண்டு பல் சக்கரம் தொண்ணூற்றாறு பல்லைக் கடிக்க
எதிர்ப்பக்கமாய்த் திரும்புகிறது டிரம்:
முப்பத்தொன்று சொச்சம்.
குறைந்த வேகம் வீணாகிவிடவில்லை.
முந்நூறு கிலோ சேற்றுக் கேரட்டைத்
தோள்கொடுத்துப் புரட்டுவது அதுதான்.

போஜா கவுடர் டார்ச்சோடு வந்தார்.
"நாலு மணிக்கு லாரி, செபஸ்தி. டபுளாக்கு."
சின்னக் கப்பியைக் கழற்றி
எட்டு அங்குலம் மாட்டினேன்.
கேட்டது கிடைத்தது: அறுபத்திரண்டு.
என்ஜின் கறுப்பாய் இருமியது.

"என்னண்ணே, கேரட் பேசலையே"
கூடையை இறக்காமலே கேட்டாள் இன்பவல்லி.

எட்டிப் பார்த்தோம்.
ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை, உரசவில்லை.
டிரம்மின் சுவரோடு அப்பிக்கொண்டு
சும்மா சுற்றின எல்லாம்.
கூடவே சேறும்.
வாய்க்காலில் வடிந்த தண்ணீர்
குடிக்கலாம் போலத் தெளிந்திருந்தது.
கவுடர் அதன்மேல் டார்ச்சை அடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
"பழசையே போடு."

பழையபடி நாலு அங்குலம்.
கடமுடவென்று பேச்சு தொடங்கியது.
தண்ணீர் கலங்கக் கலங்க
உள்ளே ஆரஞ்சு நிறம் வந்தது.

லாரி கிளம்பும்போது ஐந்தேகால்.
யாரும் யாரையும் திட்டவில்லை, குளிர்.
ஏழு டன்னோடு மேட்டில்
முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறியது.
பக்கத்தில் நடந்த நாயொன்று
அதை முந்திப் போய்
வளைவில் நின்று திரும்பிப் பார்த்தது.