முப்பது வினாடி

மின்சாரம் போய் நாற்பது நிமிடம் கழித்து வந்தது.
மெஸ்தியாவுக்கு மேலே, சாலை கைவிடுகிற இடத்தில்
தகரக் கூரையிட்ட ஒற்றை அறை.
நான், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
பனிச்சரிவுக்குக் காவல் இருக்கும் பழைய கணினி.
பொத்தானை அழுத்திவிட்டுக் கையுறையை மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.

எழுந்ததும் அதற்குத்
தனக்குக் கைகால் இருப்பதே தெரியாது.
கடிகாரத்தைத் தேடிப் பிடித்து
இது எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்கிறது.
அந்தச் சின்ன பேட்டரி செத்துப் போயிருந்தால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
நம்பிவிடும்.

பிறகு தெருவில் இறங்குகிறது.
முப்பத்திரண்டு வாசல், வாசலுக்கு எட்டு அறை வரை.
எங்கும் ஒரே கேள்வி: யார் நீ?
ஆள் இருந்தால்
செய்தவர் எண்ணும் தன் எண்ணும் சொல்லும்.
ஆளில்லா வாசலில் பூஜ்யம் வரும் என்றுதானே நினைப்போம்?
வருவது ஒன்று.
ஒன்று ஒன்று ஒன்று என்று பதினாறு ஒன்று.
முதன்முதலில் இதைப் படித்த அன்று
புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க்
கொஞ்ச நேரம் பனியில் நின்றேன்.

இடம் ஒதுக்குவது இன்னும் வேடிக்கை.
உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பதில்லை.
அதன் ஏட்டில் முழுக்க ஒன்றை எழுதிவிட்டுத்
திரும்பப் படிக்கிறது.
எந்தக் கட்டங்கள் மாறாமல்
பூஜ்யத்திலேயே முரண்டு பிடிக்கின்றனவோ
அவற்றை எண்ணி வீட்டின் அளவைத் தீர்மானிக்கிறது.
ஜோகோலாவை நான் தெரிந்துகொண்டதும்
அவன் மாட்டேன் என்ற இடங்களை வைத்துத்தான்.

வட்டு கிடைத்தது. வலை அட்டை கிடைத்தது.
ஒலி அட்டையும் கிடைத்தது,
இந்த அறையில் பாட்டு கேட்க யார் இருக்கிறார்கள்.
இரண்டு கருவிகளுக்கு ஒரே அழைப்பு மணி;
அடித்தால் இரண்டு வீட்டிலும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இதுவரை வந்தவை வாயுள்ள பிள்ளைகள்.
மலைமேல் இருப்பவை வேறு ஜாதி.
ஒன்பது உணரிகள், ஒரே நீளக் கம்பி.
தாமாகப் பெயர் சொல்லா.
இன்ன எண்ணில் இன்னது உண்டென்று
யாராவது கோப்பில் எழுதி வைத்தால்தான்
அவை உண்டு.
எழுதியவள் நான்.

ஒன்று, சரி. இரண்டு, சரி.
மூன்று நான்கு ஐந்து.
ஆறு.

திரை நிற்கிறது.
காத்திருக்கிறது. மறுபடி கேட்கிறது. காத்திருக்கிறது.
குளிரில் கண்விழிக்க நேரம் பிடிக்கும் என்று
முப்பது வினாடி அவகாசம் கொடுத்ததும் நான்தான்.

ஆறாவதைச் சரிவு கொண்டுபோய் இரண்டு குளிர்காலம் ஆகிறது,
நானும் ஜோகோலாவும் தோளில் சுமந்து ஏற்றிய கம்பத்தோடு.
மே மாதம் அவன் பனிவாரி வண்டியின் பல்லில்
அதன் அடித்தகடு சிக்கியது.
இப்போது என் கதவுக்கு முட்டு.
அவன் போத்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
'அந்த வரியை எடுத்துவிடு' என்று
சுக்திதியிலிருந்து நாதெலா மாதாமாதம் எழுதுவாள்.
'சரி' என்று மாதாமாதம் நானும் எழுதுவேன்.

இன்று கீழே தடுப்புக் கம்பத்தருகே ஒரு மினிபஸ்.
ஆறைக் கேட்டு முடிக்கும்வரை
ஏழும் எட்டும் ஒன்பதும் வரிசையில் நிற்கும்;
ஒன்பதுக்கு மேலே என்ன நகர்கிறதோ,
அதுவரை யாருக்கும் தெரியாது.
முப்பது வினாடிக்குள்
ஒரு சரிவு சாலையைத் தாண்டிவிடும்,
கண்டிருக்கிறேன்.

கோப்பைத் திறந்தேன்.
அழிக்கவில்லை. வரியின் தலையில் ஒரு குறி மட்டும் இட்டேன்,
இனி அதைப் படிக்காதே என்று.
மறுபடி எழுப்பினேன்.
ஐந்து, ஏழு. மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை.
எதிர்பார்த்தவை எட்டு, கிடைத்தவை எட்டு.
சரிவு அசையவில்லை.
பச்சை விளக்கு.

பிறகு, யாரும் கேட்காமலே,
கையால் தட்டச்சிட்டு ஆறைக் கூப்பிட்டேன்.
பதில் இல்லை.
சும்மா கிடக்கும் கம்பி
எப்போதும் ஒன்றில்தான் நிற்கும் என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கீழே ஓட்டுநர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.
தடுப்பைத் தூக்க மறந்திருந்தேன்.