மூன்றாவது இறக்கம்

போன மாதம் இரண்டு எண்ணி
மூன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அதன் விலை ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
வடமலையின் வேன் பதினோரு நாள்
பட்டறை வாசலில் நின்ற கணக்கு தனி.

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும்.
வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
செம்பனைக் குலை லாரிகள் திரும்பும் முச்சந்தியில்
தகரம் வேய்ந்த பட்டறை.
அந்த வேன் வாரம் மூன்று நாள்
தோட்டத்து ஆட்கள் ஏழு பேரைக்
கோலசிலாங்கூருக்குக் கொண்டுபோகும்,
ரத்தம் சுத்தம் செய்ய.
பதினோரு நாளும் அவர்களை
இரவல் கஞ்சிலில்
இரண்டு இரண்டு பேராக ஏற்றிப் போனார் வடமலை.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அன்று வெள்ளிக்கிழமை.
ரொஸ்லி தொழுகைக்குப் போயிருந்தான்.
அவன் வருவதற்குள் கியர்பாக்ஸை ஏற்றிவிடும் வீம்பு எனக்கு.

டார்க் கன்வெர்ட்டர் என்பது
இரண்டு தட்டை வாயோடு வாய் வைத்து
ஒட்டியது போல் ஒரு கனத்த உருண்டை.
உள்ளே எண்ணெயை எண்ணெய் தள்ளும்.
இரும்பு இரும்பைப் பிடிக்காமலே
ஏழு பேரோடு ஒரு வண்டி மேடேறும்.
ஆனால் அது போய் உட்காரும் இடத்தில்
ஒரு தண்டின் பல்,
அதைச் சுற்றி ஸ்டேட்டரின் பல்,
அடியில் பம்புச் சக்கரத்தின் இரண்டு காது.
மூன்றும் கவ்வ வேண்டும்.
இரண்டு கவ்வினாலே
எல்லாம் முடிந்தது போல்தான் தெரியும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி மிஞ்சியது.
போல்ட் இழுத்துக்கொள்ளும் என்று முடுக்கினேன்.
உள்ளே முறுக்கு உடைவது போல் ஒரு சத்தம்.
கேட்டது.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

பிரித்தபோது பம்புச் சக்கரம் இரண்டு துண்டு.
ரொஸ்லி அதைத் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
தே ஓ வாங்கப் போனான்.

இன்று கியர்பாக்ஸைப் பழைய டயர்மேல்
வாய் மேலே பார்க்க நிறுத்தினோம்.
கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய்.
சீலின் உதட்டில் விரலால் கொஞ்சம்.
இறக்கினேன். திருப்பினேன்.
டக். ஒரு பல்.
இன்னும் திருப்பினேன். டக்.
அப்புறம் கால் மணி நேரம் ஒன்றுமில்லை.
முதுகு வியர்வை பெல்ட்டுக்குள் இறங்கியது.
வாசலில் வடமலை
கார்ச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார்.
அழுத்தாதே என்று என் கைக்கு நானே சொன்னேன்.
கொஞ்சம் தூக்கி, அரைச் சுற்று பின்னே வந்து,
அதன் கனத்தை அதனிடமே விட்டேன்.

இறங்கியது.
சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது.
பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்
இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்வது போல.

கியர்பாக்ஸ் வாயின் குறுக்கே இரும்புக் கோல் வைத்து
ஆழம் அளந்தேன்.
நான் எழுதியதைப் பார்க்காமல் ரொஸ்லியும் அளந்தான்.
அட்டைப் பெட்டியின் இரு பக்கமும்
பதினாறு மில்லிமீட்டர்.

ஏற்றினோம். முகத்தோடு முகம்
கையால் தள்ளியே சேர்ந்தது,
ஒரு போல்ட்கூட இழுக்காமல்.
உள்ளே ஒற்றை விரலில் சுற்றியது கன்வெர்ட்டர்.
எஞ்சின் தட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் மிச்சம்.
அந்த மூன்றையும் அதுவே முன்னே வந்து
கொடுத்த பிறகுதான்
ஸ்பேனரை எடுத்தேன்.

வடமலை டி-க்குத் தள்ளினார்.
வேன் அரை நொடி யோசித்தது.
நகர்ந்தது.

ரொஸ்லி விரல் மடக்கினான், சாத்து, டுவா,
மூன்றாவதை நீ சொல் என்று
என் பக்கம் தாடையை ஆட்டினான்.
நான் வாய் திறக்கவில்லை.
முச்சந்தியில் குலை லாரி ஒன்று குறுக்கே நின்றது.
வேன் பிரேக் விளக்கோடு காத்திருந்தது.