மூன்று பிரதிகள்

ஒவ்வொன்றிலும் மூன்று எடு, புஷ்பமலர்.
ஒன்று கைப்பையில்,
ஒன்று பெட்டியின் அடியில், சட்டைகளுக்கும் கீழே,
ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போ.
தொலைந்தால் போன் போடு.
ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரேதான்
நானும் இந்த மெஷினும்.

நான் எங்கும் போனதில்லை.
கொழும்புக்கு இரண்டு தரம், அதில் ஒன்று பல்வலிக்கு.
ஆனால் எட்டு வருஷமாக
போகிறவர்களின் முகமெல்லாம்
இந்தக் கண்ணாடியில்தான் குப்புறப் படுக்கிறது.
பச்சை வெளிச்சம் ஒரு தரம் கடந்து போகும்.
அந்த வெளிச்சத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்.
அடையாள அட்டையில் நீ புஷ்பமலர்.
பிறப்புச் சான்றிதழில் புஸ்பமாலா.
பதிவுகாரர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.
உன் அப்பா அன்று நனைந்துபோய் நின்றிருப்பார்,
திருத்தச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்.
பாஸ்போர்ட்டில் மாலா என்றால் இனி நீ மாலா.
எயார்போட்டில் கூப்பிடும்போது
யாரோ என்று சும்மா இருந்துவிடாதே.

கீழ்ப்பிரிவு, எட்டாம் லயம் என்று எழுதுகிறாய், சரி.
வீட்டு இலக்கம் கேட்கும் கட்டத்தில்
ஒரு கோடாவது போடு.
வெறுங்கட்டத்தை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள்.

ஏஜென்சி காட்டிய ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம்,
ஜோர்தானில் இறங்கியதும் நீட்டுகிற தாளில்
இன்னொரு சம்பளம் இருக்கலாம்.
அரபு தெரியாவிட்டாலும் இலக்கங்களைப் பழகு.
அவர்களுடைய ஐந்து நம்முடைய சைபர் மாதிரி, வட்டம்.
சைபர் வெறும் புள்ளி.
வட்டம் கண்டு பயப்படாதே,
புள்ளி குறைந்தால் கையெழுத்துப் போடாதே.

நாவலப்பிட்டி சப்-ஏஜென்ட் முன்பணம் தருவானாம்.
அந்தச் சொல்லை
நம் லயங்களுக்கு யாரும் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை.
தோட்டம் விட்டுத் தோட்டம் போக
அன்று ஒரு துண்டு வேண்டுமாம்,
அதில் ஆளைவிடக் கடன்தான் பெரிதாம்.
பிரதி எடுக்க ஆளில்லாத காலம்.
நீ எடு.

கணக்கை உன் பெயரில் மட்டும் திற.
முத்துராசா நல்லவன்தான்.
நல்லவனாகவே இருக்கட்டும்.

கம்பளிச் சட்டை கொண்டுபோ, சிரிக்காதே.
தையில் அங்கேயும் எலும்பு நடுங்குமாம்,
நானுஓயாக்காரி ரஞ்சிதபாய் சொன்னாள், அவளே சொன்னாள்.
தேயிலை கொண்டுபோனால் கடையில் நல்லதாய் வாங்கு,
நாம் குடிக்கிற டஸ்ட் வேண்டாம்.
மேற்பார்வைக்காரிக்குக் கால் கிலோ.
பக்கத்துக் கட்டிலில் யார் படுத்தாலும்
முதல் வாரமே அவள் நம்பரை
தாளில் எழுதி வை. போன் விழுந்து உடையும்.

பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.
நீ போனபின் மூடியைத் தூக்கினால்
கண்ணாடியில் உன் பாஸ்போர்ட்.
எல்லோரும் இப்படித்தான்.
பிரதிகளை விரல் நனைத்து எண்ணுவார்கள்,
மூலத்தை விட்டுவிடுவார்கள்.

மழை. ஒரு செருப்பு கானோடு போனது.
கொழும்பு பஸ் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது.
தட்டினேன். புஷ்பமலர், புஷ்பமலர்.
நீ திரும்பவில்லை.
மாலா என்றேன்.

திரும்பினாய்.

கண்ணாடி இறுக்கமாக இருந்ததா,
அதற்குள் பழகிவிட்டாயா,
கேட்க நேரமில்லை.
சந்தியில் பஸ் திரும்பும்வரை
ஒற்றைக் காலில் நின்றேன், கொக்கு மாதிரி.

ஒன்று விட்டுப்போய்விட்டது.
நாலு தாள், மும்மூன்று பிரதி, பன்னிரண்டு பக்கம்.
பக்கம் பதினைந்து ரூபா. நீ தந்தது இருநூறு.
மிச்சம் இருபது ரூபா லாச்சியில் இருக்கிறது,
உன் நாலு தாளோடு சேர்த்துக் குத்தி.
மேலே பேனையால் புஷ்பமலர் என்று எழுதியிருக்கிறேன்.
வந்து வாங்கிக்கொள்.