நாற்பத்தொன்றாம் குப்பி

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்
மேசை இழுப்பறையில் மறந்துபோன ரொட்டி.
டர்பன் புழுக்கம் ஐந்தே நாளில்
அதற்கு ஒரு நீலச் சால்வை போர்த்திவிட்டது.

கெட்டுப்போச்சு என்றாள் நொம்வூலா.
பூத்துப்போச்சு என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு.
அழுகலைப் பார்த்துப் பூ என்று சொன்ன
அந்த முதல் வாய் யாருடையதோ.

வீடென்றால் உறையோடு தூக்கி எறிந்திருப்பேன்.
இங்கே ஊசிமுனையில் ஒரு துணுக்குக் கிள்ளி
தட்டில் வளர்த்து, சாறு வடித்து,
எண் ஒட்டினேன்: நாற்பத்தொன்று.

அந்த மாதம் வடக்கே ஆற்றோரம் முழுக்கக் காலரா.
வண்டி வண்டியாய் வந்திறங்கின மாதிரிக் குப்பிகள்,
உள்ளே அரிசி களைந்த தண்ணீர் நிறம்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வயது.
வயதை நான் படிப்பதில்லை.

கிருமியைக் கொல்லலாம், அதற்கு மருந்து இருக்கிறது.
செத்த பிறகும்
அது முன்பே துப்பிவைத்த நஞ்சு
குடலில் நின்று வேலை பார்க்கும்,
முதலாளி போன பின்னும்
வட்டி கேட்டு வாசலில் நிற்கும்
கணக்குப்பிள்ளை மாதிரி.

நஞ்சு பட்ட செல்கள் ஊசியாய் நீளும்.
படாதவை குண்டாய், அப்பாவியாய்
கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும்.
இரவு பதினொன்றே காலுக்கு
நுண்ணோக்கியில் கண் வைத்தேன்.
முப்பத்தொன்பது, நீளம்.
நாற்பது, நீளம்.
நாற்பத்தொன்றில்
ஒன்றுமே நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்
கை நடுங்கியது அன்றைக்குத்தான்.

பக்கத்துத் தட்டில் அதே சாற்றில்
கிருமிகள் வால் சுழற்றி
ஜோராக நீந்திக்கொண்டிருந்தன.
ஒன்றைக்கூடக் கொல்லவில்லை.
நஞ்சின் பல்லை மட்டும்
யாரோ சத்தமில்லாமல் கழற்றி வாங்கியிருந்தார்கள்.

டாக்டர் கோவெண்டரை ஃபோனில் எழுப்பினேன்.
"திரும்பச் செய், பூங்காவனம்"
என்றார் கொட்டாவிக்கு நடுவே.

செய்தேன்.
புதனன்று கேட்டது.
வியாழனன்று கேட்கவில்லை.
அதே பூசணம், அதே சாறு, அதே கை.
வெள்ளிக்கிழமை பாதி செல்கள் நீண்டன, பாதி நீளவில்லை;
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
பென்சிலால் எழுதிவைத்தேன்.

நொம்வூலா இப்போது
தன் மதியச் சாப்பாட்டில் ஒரு துண்டு ரொட்டி மிச்சம் பிடித்து
அதே இழுப்பறையில் போடுகிறாள்.
காலையில் கோட்டைக்கூட மாட்டாமல் வந்து
தமிழிலேயே கேட்கிறாள்:
"பூத்திருக்கா?"

இன்னும் இல்லை.

வாசலில் வண்டி வந்து நிற்கிறது.
மேலே இருந்த குப்பியை எடுக்கும்போது
வயதைப் படித்துவிட்டேன்.