அகராதியில் சேர்

பூர்க்டோர்ஃப் முதியோர் இல்லம். இரவுப் பணி.
அறிக்கை எழுதும் கணினிக்குத் தெரிந்தது
ஜெர்மனிக்காரரின் ஜெர்மன் மட்டும்.
இந்த ஊர் வழக்கப்படி
தெருவை இரண்டு எஸ் போட்டு எழுதினால்
அதற்கும் சிவப்புக் கோடு.
ரேகுலா வந்த அன்றே வைதுகொண்டு
‘அகராதியில் சேர்’ அழுத்தினாள்.
நான் என் பெயரை அப்படியே விட்டுவைத்தேன்:
அடிக்கோடிட்ட பெயருக்கும்
ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்கிறது.

இன்று பட்டியலைத் திறந்தது
ஒன்றே ஒன்றை நீக்க.
மெடிகமெண்டில் ஓர் ‘எம்’ அதிகம்.
தூக்கக் கலக்கத்தில் நானே சேர்த்தது.
மூன்று வருடம்
ஒரு கீறல் படாமல்
டாக்டர் மேசைவரை போய்வந்திருக்கிறது என் பிழை.

நீக்கினேன்.
விரல் நிற்கவில்லை, கீழே இறங்கிற்று.
மாத்திரைகள், யாரோ ஒருவரின் பூனை,
இஸட் வரிசையில்
ட்ஸ்கிராகன்.

பதினேழாம் அறை. மார்ச் மாதம்.
சூப்பில் உப்பில்லை என்று
கடைசிவரை சண்டை பிடித்தவர்.
கட்டில் கைமாறிவிட்டது,
அலமாரியில் வேறு சட்டைகள்.
இங்கே மட்டும்
எழுத்துப்பிழையின்றி இருக்கிறார்.

‘நீக்கவா?’ என்கிறது பெட்டி.
பதினேழில் மணி அடிக்கிறது.
புதியவர். பெயருக்கடியில் இன்னும் கோடு.
போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து
சேர்க்க வேண்டும்.